வில்லியனூர் வகுப்பறைக்குள் ஒரு முகியா

உள்ளாட்சிப் பாடம் எந்தப் புத்தகத்தில் வந்தாலும் கதை ஒன்றுதான். ஊர் கூடும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும், தலைவர் ரோடு போடுவார், தெருவிளக்கு மாட்டுவார், ஐந்து வருஷம் கழித்து மறுபடி வந்து ஓட்டுக் கேட்பார். கிராமப் பஞ்சாயத்துக்கு மேலே ஒன்றியம், ஒன்றியத்துக்கு மேலே மாவட்டம் என்று மூன்று அடுக்கு. இதைப் புதுச்சேரியின் வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ உள்ள ஓர் அரசுப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் இரண்டு பிள்ளைகள். ஒன்று, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இன்னொன்று, அப்பாவுக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் பீகாரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. பாடம் யாருக்குச் சுலபமாகப் புரியும்? உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீகாரில் 2006, 2011, 2016, 2021 என்று வரிசையாகப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்திருக்கிறது. அங்கே கிராமத் தலைவருக்கு முகியா என்று பெயர். முகியா யார், எந்த வீட்டுக்காரர், போன தடவை யாரைத் தோற்கடித்தார் என்பதெல்லாம் தெருவில் விளையாடும் பிள்ளை வரை தெரிந்த சங்கதி. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று நாட்டிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலமும் அதுதான். நம் வில்லியனூர்ப் பிள்ளையோ பிறந்ததிலிருந்து ஒரு பஞ்சாயத்துத் தேர்தலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்களுக்காக ஆண்டுகளை எடுத்து வைக்கிறேன். புதுச்சேரியில் 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது, அதுவும் பிரெஞ்சுக் காலத்துச் சட்டப்படி. 1973இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும், பிரெஞ்சுக் காலத்து உள்ளாட்சிப் பிரிவான கொம்யூன்களின் பஞ்சாயத்துகளுக்கும் என்று தனிச் சட்டம் வந்தது. 1993இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. அடுத்த தேர்தல் நடந்தது 2006இல். 38 ஆண்டு இடைவெளி. 2011இல் அதில் வென்றவர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவிப்பு வந்து, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சிக்கி நின்றுபோனது. 2011க்குப் பிந்தைய பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் முழுக்க கொம்யூனை நடத்தியவர் ஆணையர்தான். அடுக்குக் கணக்கும் இங்கே பொருந்தாது. 20 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட இடங்களில் நடு அடுக்கு வேண்டியதில்லை என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்கள்தொகை 12.5 லட்சத்தைத் தொடவில்லை. ஆகவே இங்கே இருப்பது கிராமப் பஞ்சாயத்து, அதற்கு மேல் கொம்யூன் பஞ்சாயத்து, அவ்வளவுதான். பாடத்தை மனப்பாடம் செய்து மாவட்டப் பஞ்சாயத்து என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் வந்துவிடும், ஆனால் அப்படி ஓர் அலுவலகம் அது வாழும் மண்ணிலேயே கிடையாது. இங்குள்ள பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் இருந்த காலத்திலும் இதே பொருத்தமின்மைதான். 2023-24 கல்வியாண்டு முதல் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு பொருந்தாத படத்துக்குப் பதில் இன்னொரு பொருந்தாத படம் வந்திருக்கிறது.

இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டிய குடிமையியல் வேண்டும் என்று உலகெங்கும் பேசுகிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் இதற்கு ஒரு கோட்பாடு எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்த ஆசிரியர்களைக் கவனித்து அவர் கண்டது மூன்று விஷயம்: பிள்ளை படிப்பில் தேற வேண்டும், தன் பண்பாட்டை விட்டுக்கொடுக்காமல் தேற வேண்டும், தன்னைச் சுற்றியுள்ள அநீதியைக் கேள்வி கேட்கவும் கற்க வேண்டும். நம் ஊரில் இந்தப் பேச்சு வந்து சேரும்போது மூன்றாவது கழன்று விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது சத் பூஜை கோலாட்டமும், பொங்கலுக்கு வேட்டி கட்டிய பீகார்ப் பையனின் போட்டோவும்தான். அது கெட்டது என்று சொல்லவில்லை, குடிமையியல் இல்லை என்றுதான் சொல்கிறேன். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வந்த பிள்ளைக்கு ஏதோ குறைகிறது, உள்ளூர்ப் பிள்ளைக்கு எல்லாம் பொருந்தியிருக்கிறது, குறையை இட்டு நிரப்புவதே நம் வேலை என்ற எண்ணத்தில்தான் இந்தப் பேச்சு தொடங்குகிறது. மேலே சொன்ன ஆண்டுகளைப் பார்த்தபின் அந்த எண்ணம் இந்தக் கொம்யூன்களில் நிற்காது. பாடநூல் சொல்லும் குடிமகன் இங்கே யாருமே இல்லை. வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமே அந்தச் சட்டை அளவு சேரவில்லை. அதனால் வந்த பிள்ளைக்கென்று தனிப் பாடம் எழுதுவதை விட்டுவிட்டு, அது கொண்டுவந்த அனுபவத்தையும் சேர்த்து எல்லோருக்குமான பாடத்தையே இந்த மண்ணிலிருந்து திருப்பி எழுத வேண்டும் என்பதுதான் என் வாதம்.

யார் வந்தவர், யார் இருந்தவர் என்ற கோடும் இங்கே அவ்வளவு நேராக ஓடுவதில்லை. நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் என்று 2011 கணக்கெடுப்பு காட்டும் 45 கோடிக்கும் மேற்பட்டவர்களில் கணிசமான பகுதி கல்யாணமாகிப் புருஷன் ஊருக்குப் போன பெண்கள். பாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். நடுநடுவே தமிழ்நாட்டுத் துண்டுகள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே மாநிலம் மாறி மாறி வரும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் சான்றிதழ் என்று வரும்போது எல்லை முளைத்துவிடும். அட்டவணைச் சாதியினரிடையே பூர்வீகக் குடி, குடிபெயர்ந்து வந்தவர் என்று புதுச்சேரி பிரித்துப் பார்க்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நாலு மைல் தள்ளி அதே சாதியில், அதே மொழி பேசும் வீட்டில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்ட அம்மாவின் காகிதம் ஒரு கேள்வியாகிறது. இன்னொரு பக்கம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார் என்பதால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வீடுகள். அந்த வீட்டுப் பெரியவர்கள் பிரான்சின் அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கிறார்கள், வில்லியனூர் சட்டமன்றத் தொகுதியில் அவர்களுக்கு வாக்கில்லை. பாட்னாக்காரர் மகனும் கடலூர்க்காரி மகளும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளக்காரர்) வீட்டுப் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு இது. குடியுரிமை, குடியிருப்பு, வாக்கு ஆகிய மூன்றும் வேறுவேறு என்று விளக்க இதைவிடத் தோதான வகுப்பு நாட்டில் எங்கே கிடைக்கும்?

அந்த மூன்றும் பிரிந்த கதைக்கு நினைவிடமே வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது. கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி முழுமை பெற்றது. அந்த நாளில் இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களானார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவர்களில் பலர் ஊரைவிட்டுப் போகவும் இல்லை. நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் குடியுரிமை என்பது பிறப்போடு வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று, யாரும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. இங்கேயோ அதைப் பற்றி ஒரு தலைமுறை உட்கார்ந்து யோசித்து, வீட்டுக்குள் சண்டை போட்டு, தாளில் எழுதிக் கொடுத்தோ கொடுக்காமலோ முடிவு செய்திருக்கிறது. இந்த வரலாற்றை வருஷத்துக்கு ஒருமுறை கொடியேற்றும் விழாவாக மட்டும் வைத்திருக்கிறோம். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டோடு சேர்வது என்று தீர்மானிக்கும் அளவுக்குக் கொம்யூன் உறுப்பினர்களுக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? மக்கள் தேர்ந்தெடுத்ததால் வந்தது. அந்த நாற்காலிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. (போகிற போக்கில் ஒன்று: நவம்பர் 1 இங்கே விடுதலை நாள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2022 முதல் அதே நாளை உள்ளாட்சிகள் தினமாக அறிவித்துக் கிராமசபை கூட்டுகிறது. தற்செயல்தான், ஆனால் ஒரு பாடவேளைக்குத் தாங்கும்.)

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு அதிகாரத்தையும் இந்த ஊரின் ஒரு காகிதத்தோடு கோக்கச் சொல்கிறேன். வாக்காளர் பட்டியல் பாடமா, 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவை எடுங்கள். ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை அங்கே சாதாரணமாக வசிப்பவர் என்று கருத முடியாது என்று அது சொல்கிறது. வாடகை அறையில் இருக்கும் ஒடிசாத் தொழிலாளி வில்லியனூரில் நிலையாகத் தங்கியிருந்தால் இங்கே பெயர் சேர்க்கலாம், ஆனால் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். ஊரில் ஓட்டு போனால் நிலத்தகராறில் யார் கேட்பார்கள், இங்கே ஓட்டு இருந்தால் தண்ணீர்க் குழாய்க்கு யார் வருவார்கள் என்று அந்தக் குடும்பம் போடும் கணக்கைவிட நல்ல ஜனநாயகப் பாடம் எதுவும் இல்லை. ரேஷன் பாடமா, 2015இல் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்ததையும், 2024 தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மறுபடி திறந்ததையும் பேசலாம். எந்த மாநில அட்டையையும் எந்த ஊரிலும் காட்டி வாங்கலாம் என்ற திட்டம், கடையே இல்லாத ஊரில் என்ன ஆகும் என்று உள்ளூர்ப் பிள்ளையும் வந்த பிள்ளையும் சேர்ந்து யோசிக்கட்டும். கல்வி உரிமைப் பாடமா, 2009 சட்டத்தின் 5ஆவது பிரிவு இருக்கிறது. பழைய பள்ளியிலிருந்து டிசி வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. 14ஆவது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் மாறி மாறிப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு அடிப்படை உரிமைகளின் பட்டியலைவிட இந்த இரண்டு பிரிவு உபயோகம்.

இங்கேதான் முதல் மறுப்பு வரும். இந்தப் பிள்ளைகள் வருஷ நடுவில் வந்து வருஷ நடுவில் போய்விடுகிறார்கள், அவர்களுக்குக் கொம்யூனைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொம்யூனின் எல்லைகளையும் ஆணையரின் அதிகாரங்களையும் பட்டியலாகச் சொல்லிக் கொடுத்தால் அது அந்தப் பிள்ளையோடு ரயிலேறாது. ஓர் அலுவலகத்தில் எந்த ஜன்னலில் என்ன கேட்பது, கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குவது, மறுத்தால் எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேட்பது என்ற பழக்கம் ரயிலேறும். திருப்பூரிலும் செல்லும், தர்பங்காவிலும் செல்லும். தவிர, மொழி தெரியாத அப்பா அம்மாவுக்காக ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் பேசிக் கொடுப்பது இந்தப் பிள்ளைகள்தான். அரசாங்கத்தோடு பேசும் வேலையை வயதுவந்தவர்களுக்காகச் செய்யும் பிள்ளையைப் பார்த்து, உனக்கு 18 வயதானபின் நீ குடிமகளாவாய் என்று பாடம் நடத்துவதில் ஏதோ உதைக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. தேர்தலே நடக்கவில்லை, சட்டத்தில் இருப்பது நடைமுறையில் இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்களா, அரசு ஊழியரான ஆசிரியர் இதையெல்லாம் பேசலாமா என்பது. பேசலாமா என்ற பகுதிக்குப் பதில் எளிது. ஆண்டுகளைச் சொல்வது விமரிசனம் ஆகாது. 1968, 2006, 2011 என்று கரும்பலகையில் எழுதி, அரசியல் சட்டத்தின் 243E பிரிவு சொல்லும் ஐந்தாண்டுக் கணக்கைப் பக்கத்தில் எழுதினால் ஆசிரியரின் வேலை முடிந்தது. நம்பிக்கை என்ற பகுதிதான் சிக்கல். அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் பாஸ்டனிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய மீரா லெவின்சன் 2012இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் எடுத்துப் பேசுகிறார்: பாடம் சொல்லும் நாடும் வாசலுக்கு வெளியே பார்க்கும் நாடும் வேறாக இருக்கும்போது, பிள்ளை நம்பாமல் போவது பாடத்தை. மறைத்தால் நம்பிக்கை வளரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. குடிமையியல் என்ற பாடமே ஆங்கிலேயர் காலத்தில், அடங்காமல் போகும் இந்தியர்களைப் பணியவைக்க வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பெயரையே கைவிடச் சொன்னது. அதன்படி வந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரைக் கிராமமான கல்பட்டு ஒரு பாடமாகவே இடம்பெற்றது. இந்த மறுப்பில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குறையைச் சொல்லிவிட்டு வகுப்பை முடிப்பது கெடுதல். நடக்காத தேர்தலோடு, நடந்த ஒன்றையும் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைத்தபோது ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் உருவாயின. பாகூர் ஏரியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, தேர்தல் இல்லாத காலத்திலும் ஊர் கூடித் தண்ணீரைப் பங்கிட முடியும் என்று காட்ட அது போதும். அந்தச் சங்கத்தில் நிலமில்லாதவருக்கு இடமுண்டா, நேற்று வந்தவருக்கு உண்டா என்ற கேள்வியும் தானாக வரும்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு இத்தனை உபசாரமா என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சைகோனுக்கும் பாரிசுக்கும் ஆட்களை அனுப்பி, அங்கிருந்து வந்த பணத்தில் வீடு கட்டிய கொம்யூன்கள் இவை. ஆனால் அந்த முணுமுணுப்போடு கலந்து வரும் இன்னொரு எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். உன் வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவா என்று வகுப்பில் சொன்னால், காகிதம் இல்லாத பிள்ளை அம்பலமாகும். மாட்டிக்கொள்வது காண்ட்ராக்டரின் பதிவேட்டில் பெயரே இல்லாத குடும்பமாக இருக்கும். அதனால் எந்தப் பிள்ளையின் சொந்தக் கதையையும் பாடப்பொருளாக்கக் கூடாது. கீழூர் எல்லோருக்கும் பொது. 1962இன் ஆறு மாதம் பொது. மாதிரி விண்ணப்பம் ஒன்றைக் கற்பனைப் பெயரில் நிரப்பச் சொல்லலாம். முகியாவைப் பற்றி அந்தப் பையன் தானாக வாய் திறந்தால் திறக்கட்டும்.

கடைசியாக மொழி. தமிழே வராத பிள்ளைக்கு என்னத்தைக் குடிமையியல் என்பார்கள். முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். கேரளத்தின் எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், பிள்ளையின் மொழியைப் பாலமாக வைத்து மலையாளத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியது. இருமொழி ஆவணம் பாகூருக்கும் புதிதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செப்பேட்டில் புகழ்ச்சி சமஸ்கிருதத்தில் இருக்கிறது, எல்லைக் கணக்கு தமிழில் இருக்கிறது. எது யாருக்குப் புரிய வேண்டுமோ அதை அந்த மொழியில் வெட்டியிருக்கிறார்கள். நம் அலுவலகத் தமிழும் அப்படிக் கலந்ததுதான். தாசில்தார், தாலுகா, ரசீது, நகல், வக்கீல், ஜாமீன், ராஜினாமா: தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டால் பீகார்ப் பிள்ளைக்கு இவற்றில் பெரும்பாலானவை வீட்டுச் சொற்கள். 1880ஆம் ஆண்டு ஆணைப்படி வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாகி, ஐரோப்பியருக்குத் தனி, இந்தியருக்குத் தனி என்று பிரித்த பட்டியல்களோடு முதல் தேர்தலைப் பார்த்தன. அலுவலக வாசல் பலகையில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருசேரப் புரியாமல் மிஞ்சுவது அந்த ஆணை விட்டுச்சென்ற சொல் ஒன்றுதான்: கொம்யூன். முதல் வகுப்பை அதிலிருந்து தொடங்கலாம்.